தஞ்சாவூரிலிருந்து சான் பிரான்சிஸ்கோ: அப்பா அம்மாவை எந்த வழியாக அனுப்புவது?

தங்கைக்குப் பிப்ரவரியில் பிரசவம். அவள் இருப்பது சான் பிரான்சிஸ்கோ பக்கத்தில், ஃப்ரீமான்ட்டில். அப்பாவும் அம்மாவும் பொங்கல் முடிந்த கையோடு கிளம்பியாக வேண்டும். அப்பாவுக்கு 76 வயது, சர்க்கரை இருக்கிறது, இரவில் மூன்று முறையாவது எழுந்திருப்பார். அம்மாவுக்கு 71, இரண்டு முழங்காலிலும் வலி. இருவரும் தஞ்சாவூரில் இருக்கிறார்கள், நான் தாம்பரத்தில். டிக்கெட் போடுவது என் பொறுப்பு.

சென்னைக்கும் சான் பிரான்சிஸ்கோவுக்கும் எவ்வளவு தூரம் என்று இணையத்தில் தேடினால், சுமார் 13,900 கிலோமீட்டர் என்று ஒரே ஓர் எண் வந்து நிற்கும். அந்த எண்ணை வைத்துக்கொண்டு ஒரு முடிவும் எடுக்க முடியாது என்று புரிய எனக்கு இரண்டு வாரம் ஆனது. சென்னையிலிருந்து அமெரிக்காவின் எந்த ஊருக்கும் இடையில் இறங்காத விமானம் கிடையாது. எங்காவது மாறித்தான் ஆக வேண்டும். எங்கே மாறுவது என்பதுதான் கேள்வி. ஒவ்வொரு வழியையும் கிலோமீட்டரில் அளந்தேன், மணிக்கணக்கில் அளந்தேன், அப்புறம் அம்மாவின் முழங்காலை வைத்து அளந்தேன். மூன்று அளவும் மூன்று விதமாக விடை சொன்னன.

பூக்கட்டும் நூலும் உலக உருண்டையும்

முதலில் அந்த 13,900 எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிடலாம். சுவரில் மாட்டும் தட்டையான வரைபடத்தில் பார்த்தால், சென்னையிலிருந்து அமெரிக்காவின் மேற்குக் கரைக்குப் போகும் நேர்வழி பசிபிக்கின் நடுவே கிழக்காக ஓடும் என்றுதான் தோன்றும். என் மகளின் பள்ளி உலக உருண்டையை எடுத்து, அம்மா பூக்கட்ட வைத்திருந்த நூல்கண்டிலிருந்து ஒரு முழம் வெட்டி, ஒரு நுனியைச் சென்னையிலும் மறு நுனியைச் சான் பிரான்சிஸ்கோவிலும் வைத்து இழுத்துப் பிடித்தேன். நூல் பசிபிக் பக்கம் போகவே இல்லை. வடக்கே ஏறியது. ஆந்திரக் கரையை ஒட்டிப் போய், பீகாரைத் தாண்டி, எவரெஸ்ட் இருக்கும் பக்கமாக இமயமலையைக் கடந்து, திபெத், மங்கோலியா, பைக்கால் ஏரி, சைபீரியா, ஆசியாவையும் அமெரிக்காவையும் பிரிக்கும் பெரிங் நீரிணை, அலாஸ்காவின் ஆங்கரேஜ் என்று போய், அங்கிருந்து கரையோரமாகக் கீழே இறங்கியது. உருண்டை மேல் இரண்டு புள்ளிகளுக்கு இடையில் இதைவிடக் குறுகிய வழி இல்லை. 13,900 என்பது இந்த நூலின் நீளம்.

அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "இமயமலை மேலயா போகப் போறோம்?" என்று கேட்டாள். இல்லை. அந்த நூல் போகும் வழியில் எந்தப் பயணிகள் விமானமும் போவதில்லை. அதற்கு முதல் காரணம் திபெத். விமானத்துக்குள் காற்றழுத்தம் திடீரென்று குறைந்தால், விமானி உடனே சுமார் 10,000 அடிக்கு, அதாவது 3 கிலோமீட்டர் உயரத்துக்கு இறங்க வேண்டும். தலைக்கு மேலிருந்து விழும் ஆக்சிஜன் முகமூடி பல விமானங்களில் கால் மணி நேரம், மிஞ்சிப்போனால் இருபது நிமிடம்தான் வரும். திபெத் பீடபூமியோ சராசரியாக 4,500 மீட்டர் உயரம். இறங்க இடமே இல்லை. அதனால் விமானங்கள் அந்தப் பகுதியைச் சுற்றிக்கொண்டு போகின்றன. இரண்டாவது காரணம் ரஷ்யா. 2022-இல் உக்ரைன் போர் தொடங்கியதிலிருந்து ஐரோப்பிய, அமெரிக்க நிறுவனங்களுக்கு அந்த வான்வெளி மூடிக்கிடக்கிறது. இந்திய நிறுவனங்களும் வளைகுடா நிறுவனங்களும் அதில் போகலாம்.

ஆக, நூல் சொல்லும் தூரத்தை ஓர் அளவுகோலாக மட்டும் வைத்துக்கொள்ளலாம். எந்த ஊரில் மாறினால் அதைவிட எவ்வளவு கூடுகிறது என்று கணக்குப் போட்டேன். இரண்டு கட்டங்களையும் நேர்வழித் தூரமாகக் கூட்டினால் டெல்லி வழியாக சுமார் 14,140 கிலோமீட்டர். ஹாங்காங் வழியாக 14,840. துபாய் வழியாக 15,950. சிங்கப்பூர் வழியாக 16,520. பிராங்க்ஃபர்ட் வழியாக 16,740. லண்டன் வழியாக 16,850. டெல்லிக்கும் லண்டனுக்கும் உள்ள வித்தியாசம் 2,700 கிலோமீட்டர். கன்னியாகுமரியிலிருந்து டெல்லி வரை போகலாம். இந்த வரிசையைப் பார்த்ததும் டெல்லிதான் என்று முடிவு கட்டிவிட்டேன். அவசரப்பட்டுவிட்டேன் என்று அப்புறம்தான் தெரிந்தது.

காற்று செய்யும் வேலை

2015 டிசம்பரில் ஏர் இந்தியா டெல்லியிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு இடைநில்லா விமானம் விட ஆரம்பித்தது. முதலில் மேற்கே, அட்லாண்டிக்கைக் கடந்து போனது. சுமார் 13,900 கிலோமீட்டர். 2016 அக்டோபரில் வழியை மாற்றி, கிழக்கே பசிபிக்கைக் கடந்து போனார்கள். தூரம் சுமார் 15,300 கிலோமீட்டராகக் கூடியது. அப்போது உலகத்திலேயே நீளமான இடைநில்லாப் பயணம் அதுதான். ஆனால் நேரம் கிட்டத்தட்ட இரண்டு மணி குறைந்து, பதினான்கரை மணி நேரத்தில் போய்ச் சேர்ந்தது. 1,400 கிலோமீட்டர் அதிகமாகப் பறந்து, இரண்டு மணி நேரம் முன்னதாக இறங்கினார்கள்.

காரணம், உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் ஜெட் காற்று. விமானம் பறக்கும் பத்து, பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில் அது மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல் சர்வசாதாரணமாக வீசும். குளிர்காலத்தில் ஜப்பானை ஒட்டிய பகுதியில் அது மிகவும் பலமாக இருக்கும். அந்தக் காற்றை முதலில் அளந்து எழுதியவர் வசாபுரோ ஓயிஷி என்ற ஜப்பானிய வானிலை அறிஞர். 1920-களில் பலூன் விட்டு அளந்து, உலகம் முழுவதும் படிக்கட்டும் என்று, உலகப் பொதுமொழியாக உருவாக்கப்பட்ட எஸ்பெராண்டோவில் அறிக்கை வெளியிட்டார். அந்த மொழி தெரிந்தவர்கள் குறைவு என்பதால் பல வருடங்கள் யாரும் கவனிக்கவில்லை. இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் மேல் பறந்த அமெரிக்க விமானிகள் அந்தக் காற்றில் மாட்டிக்கொண்டு திணறியபோதுதான் வெளியே நன்றாகத் தெரிந்தது.

எங்களுக்கு இதனால் என்ன? ஜனவரிக் கடைசியில் போகிறார்கள். ஜப்பான் பக்கமாகக் கிழக்கே போகும் எந்த விமானத்தையும் பின்னாலிருந்து காற்று தள்ளும். ஐரோப்பா போகும் விமானத்துக்கு எதிர்க்காற்று. ஹாங்காங்கிலிருந்து சான் பிரான்சிஸ்கோ போக பன்னிரண்டரை, பதின்மூன்று மணி நேரம்தான். அதே வழியில் திரும்பி வர பதினைந்து மணி நேரம் ஆகும்.

நேர மாற்றத்தால் வரும் தூக்கக் கோளாறுக்குக் கிழக்கு நல்லதா மேற்கு நல்லதா என்று பலர் கேட்கிறார்கள். இந்தப் பயணத்துக்கு அந்தக் கேள்வியே வேண்டாம். குளிர்காலத்தில் நமக்கும் கலிபோர்னியாவுக்கும் பதின்மூன்றரை மணி நேர வித்தியாசம், கோடையில் பன்னிரண்டரை. எந்தப் பக்கம் போனாலும் பகல் இரவாகிவிடும். ஒரு வாரம் கஷ்டப்படத்தான் வேண்டும்.

வழிகள்

டெல்லியை முதலில் சொல்கிறேன். கிலோமீட்டரில் இதுதான் குறைவு. நம் நாட்டு விமானம், நம் சாப்பாடு, இந்தி தெரியாவிட்டாலும் ஆங்கிலத்தில் சமாளித்துக்கொள்ளலாம். ஆனால் சென்னை–டெல்லி மூன்று மணி நேரம், டெல்லி–சான் பிரான்சிஸ்கோ பதினைந்து, பதினாறு மணி நேரம். அதாவது சின்னதாக ஒன்று, ராட்சசத்தனமாக ஒன்று. ஜனவரியில் டெல்லியில் மூடுபனி வேறு. காலை நேர விமானங்கள் மணிக்கணக்கில் தாமதமாவது ஒவ்வொரு வருடமும் செய்தியில் வருகிறது. உள்நாட்டு விமானம் தாமதமானால் அடுத்தது போய்விடும். திரும்பி வரும்போது டெல்லியிலேயே பெட்டிகளை எடுத்து, சுங்கத்தைத் தாண்டி, மறுபடி போட வேண்டும். நான்கு பெட்டி, ஒவ்வொன்றும் 23 கிலோ. அப்பாவால் அதை பெல்ட்டிலிருந்து இறக்க முடியாது.

2023 ஜூனில் டெல்லியிலிருந்து சான் பிரான்சிஸ்கோ போன விமானம் ஒன்று இன்ஜின் கோளாறால் ரஷ்யாவின் தூரக்கிழக்கில் உள்ள மகதானில் இறங்க வேண்டியிருந்தது. 216 பயணிகள் அந்தச் சின்ன ஊரில் ஒரு நாளுக்கு மேல் காத்திருந்து, வேறு விமானத்தில் போனார்கள். எல்லோரும் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தார்கள், இது தினம் நடப்பதும் இல்லை. ஆனால் சர்க்கரை மாத்திரையைக் கைப்பையில் வைக்க வேண்டும் என்று அப்பாவுக்கு நான் பத்து முறை சொன்னதற்கு அந்தச் செய்திதான் காரணம்.

பெங்களூருக்கும் சான் பிரான்சிஸ்கோவுக்கும் 2021 ஜனவரியில் இடைநில்லா விமானம் தொடங்கியது. முதல் பயணத்தில் விமானி அறை முழுவதும் பெண்கள். வட துருவத்தின் மேலாகவே பறந்து வந்தார்கள். அருமையான விஷயம். ஆனால் இந்த நெடுந்தூர இடைநில்லா விமானங்களின் கால அட்டவணை அடிக்கடி மாறுகிறது. அதை நம்பித் திட்டம் போட எனக்கு மனம் வரவில்லை.

துபாய் வழி அடுத்தது. சென்னையிலிருந்து நான்கு மணி நேரம், அங்கிருந்து சுமார் பதினாறு மணி நேரம். உருண்டையில் நூல் வைத்தால் துபாய்–சான் பிரான்சிஸ்கோ வழி கிட்டத்தட்ட வட துருவத்தை உரசிக்கொண்டு போகிறது. விமானங்கள் பெரியவை, சேவை நன்றாக இருக்கும், தமிழோ மலையாளமோ பேசும் யாராவது ஒருவர் அந்த விமான நிலையத்தில் கண்ணில் படாமல் இருக்க மாட்டார். ஆனால் பதினாறு மணி நேரம் என்ற ஒரு துண்டு எனக்குப் பிடிக்கவில்லை. வளைகுடாப் பக்கம் பதற்றம் வந்தால் வான்வெளியை மூடிவிடுகிறார்கள் என்ற கவலையும் உண்டு. 2025 ஜூனில் கத்தார் அப்படிச் சில மணி நேரம் மூடியதில் எத்தனையோ விமானங்கள் நடுவானில் திரும்பின.

பிராங்க்ஃபர்ட்டும் லண்டனும் ஒரே ஜாதி. சென்னையிலிருந்து பத்து, பதினொரு மணி நேரம். இறங்கிக் காலை நீட்டி, மறுபடி பதினொன்று, பதினொன்றரை மணி நேரம். கிலோமீட்டரில் இவைதான் அதிகம், ஆனால் பயணம் சரிபாதியாக உடைகிறது. முழங்கால் வலி உள்ளவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. நான்கு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்தே பயணம் செய்தால் கால் ரத்தக் குழாயில் ரத்தம் உறையும் வாய்ப்பு சுமார் இரண்டு மடங்காகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2007-இல் சொன்னது. பயணம் நீள நீள அது கூடும். அதனால் ஒரு வாரம் வரை பிராங்க்ஃபர்ட் என்றே நினைத்திருந்தேன். அமெரிக்க விசா கையில் இருந்தால் இந்த இரண்டு ஊரிலும் விமான நிலையத்துக்குள்ளேயே மாறிப் போகத் தனி விசா தேவைப்படாது. ஆனாலும் டிக்கெட் போடும் நாளில் ஒருமுறை பார்த்துவிடுங்கள், விதிகள் மாறும்.

என்னைத் தடுத்தது பழைய அனுபவம். 2018-இல் இவர்கள் இருவரும் முதல் முறையாக அமெரிக்கா போனபோது ஓர் ஐரோப்பிய விமான நிலையத்தில் மாற ஒரு மணி இருபது நிமிடம்தான் இருந்தது. கட்டணம் குறைவு என்று நான்தான் அதைத் தேர்ந்தெடுத்தேன். முதல் விமானம் நாற்பது நிமிடம் தாமதம். கேட்டிருந்த சக்கர நாற்காலி வாசலில் இல்லை. பாதுகாப்புச் சோதனை வரிசையில் அம்மா பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள். அவர்கள் கேட்டை அடையும்போது கதவு மூடியிருந்தது. அடுத்த விமானம் வர ஒன்பது மணி நேரம். அந்த ஒன்பது மணி நேரமும் கைபிடி வைத்த இரும்பு நாற்காலியில். படுக்க முடியாது. வீட்டுக்கு வந்த பிறகு அம்மா அதைப் பற்றிப் பேசவே இல்லை. அப்பாதான் ஒரு நாள் சொன்னார்: "அவ கால் வீங்கிப்போய் செருப்பு நுழையலப்பா, வெறும் காலோட ஏறினா." ஜனவரியில் பனி பெய்தால் ஐரோப்பாவில் இன்னும் தாமதம். இறக்கையில் உறைந்த பனியைக் கரைக்கவே வரிசையில் நிற்க வைப்பார்கள்.

ஹாங்காங்கை நம்மவர்கள் ஏனோ அதிகம் யோசிப்பதில்லை. ஐந்தரை மணி நேரம், பிறகு பதின்மூன்று. டெல்லிக்கு அடுத்து கிலோமீட்டரில் குறைவு, காற்றும் உதவி. நேரத்தில் பார்த்தால் எல்லாவற்றிலும் இதுதான் சிறந்தது. நீங்கள் சென்னையில் இருந்து, கால் வலி இல்லாமல், ஆங்கிலத்தில் கேட்டுப் போகத் தெரிந்தவராக இருந்தால், இதைத்தான் எடுங்கள் என்று சொல்வேன். நானாக இருந்தால் இதில்தான் போவேன்.

சிங்கப்பூர் நான்கே கால் மணி நேரம், அங்கிருந்து ஜனவரிக் காற்றில் சுமார் பதினைந்து மணி நேரம். ஹாங்காங்கைவிட 1,700 கிலோமீட்டர் அதிகம். பட்டியலில் பார்த்தால் இதை எடுக்க ஒரு காரணமும் இல்லை. அதனால் முதல் வாரத்திலேயே அடித்துவிட்டேன்.

அப்பா கேட்ட கேள்வி

எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு தஞ்சாவூர் போனேன். பிராங்க்ஃபர்ட்டா ஹாங்காங்கா என்று கேட்டேன். அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தாளை மேலிருந்து கீழே படித்தார். "எல்லாம் சென்னைல ஆரம்பிக்குது. நாங்க சென்னைக்கு எப்படிப்பா வரோம்?"

அதை நான் எழுதவே இல்லை. தஞ்சாவூரிலிருந்து சென்னை சுமார் 340 கிலோமீட்டர். காரில் ஆறு, ஏழு மணி நேரம். இல்லையென்றால் இரவில் உழவன் எக்ஸ்பிரஸ். 23 கிலோ பெட்டி நான்கையும் ரயிலில் ஏற்றி, தாம்பரத்தில் இரண்டு நிமிடத்தில் இறக்க வேண்டும். ஐரோப்பா விமானங்கள் பெரும்பாலும் நள்ளிரவு தாண்டித்தான் சென்னையிலிருந்து கிளம்புகின்றன. அதற்கு மூன்று மணி நேரம் முன்னால் போய் நிற்க வேண்டும். ஆக, விமானத்தில் ஏறும் முன்பே ஒரு நாள் தூக்கம் போய்விடும். நான் 16,000 கிலோமீட்டரை இஞ்ச் இஞ்சாக அளந்துவிட்டு, அம்மாவின் முழங்காலை அதிகம் வாட்டப் போகும் 340 கிலோமீட்டரை விட்டுவிட்டேன். உள்ளூர ஒரு காரணமும் இருந்தது. சென்னையில் ஏறினால் நானே கண்ணாடிக் கதவு வரை போய் வழியனுப்பலாம். அவர்கள் என் வீட்டில் இரண்டு நாள் இருப்பார்கள். அது என் ஆசை. அதற்காக அவர்கள் ஓர் இரவு அலைய வேண்டியதில்லை.

தஞ்சாவூரிலிருந்து திருச்சி விமான நிலையம் காரில் ஒரு மணி நேரம். 2024 ஜூனில் புதிய முனையம் திறந்த பிறகு அங்கே கூட்டமும் நெரிசலும் எவ்வளவோ பரவாயில்லை. கதவிலிருந்து விமானம் வரை நடை குறைவு. அங்கிருந்து சிங்கப்பூருக்கு ஸ்கூட் விமானம் இருக்கிறது. அது சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் துணை நிறுவனம். இரண்டையும் ஒரே டிக்கெட்டாகப் போட்டால் திருச்சியில் போடும் பெட்டி சான் பிரான்சிஸ்கோவில்தான் கைக்கு வரும். திருச்சி–சிங்கப்பூர் 2,980 கிலோமீட்டர். சென்னையிலிருந்து போவதைவிட ஐம்பது, அறுபது கிலோமீட்டர்தான் அதிகம். வானத்தில் ஐம்பது கிலோமீட்டர் என்பது நான்கு நிமிடம்.

அடித்து வைத்திருந்த சிங்கப்பூர் இப்படித்தான் பட்டியலின் உச்சிக்கு வந்தது. வீட்டு வாசலிலிருந்து தங்கை வீட்டு வாசல் வரை கணக்குப் போட்டால், கிலோமீட்டரில் நான்காவது இடத்தில் இருந்த வழிதான் இவர்களுக்கு எளிதானது. இதே வீடு மதுரையிலோ கோவையிலோ இருந்திருந்தால் கணக்கு மாறும். செங்கல்பட்டில் இருந்திருந்தால் ஹாங்காங்தான். உங்கள் பெற்றோர் எந்த ஊரில் இருக்கிறார்களோ, அங்கிருந்து ஒரு மணி நேரத்தில் எந்தப் பன்னாட்டு விமான நிலையத்துக்குப் போக முடியும் என்று முதலில் பாருங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

சரி, பதினைந்து மணி நேரத் துண்டை என்ன செய்வது? அதற்கு இரண்டு விஷயங்கள் உதவின. சிங்கப்பூரில் இருவரும் ஓர் இரவு தங்கப் போகிறார்கள். இமிகிரேஷன் தாண்டாமல், விமான நிலையத்துக்கு உள்ளேயே மணிக்கணக்கில் வாடகைக்கு அறை தரும் டிரான்ஸிட் ஹோட்டல் இருக்கிறது. படுத்துத் தூங்கி, குளித்து, காலை விமானம் ஏறலாம். கட்டணம் கொஞ்சம் கூடுதல்தான். 2018-இன் இரும்பு நாற்காலியை நினைத்துக்கொண்டு அதைக் கட்டினேன். தமிழ் அங்கே நான்கு ஆட்சி மொழிகளில் ஒன்று. சக்கர நாற்காலி தள்ளி வருபவர் தமிழர் இல்லாவிட்டாலும், கேட்டால் தமிழ் தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டுத் தருவார்கள் என்ற தைரியம் அம்மாவுக்கு.

இன்னொன்று விமானத்தின் வகை. சிங்கப்பூரிலிருந்து போவது ஏர்பஸ் ஏ350. விமானம் பதினொரு கிலோமீட்டர் உயரத்தில் பறந்தாலும் உள்ளே காற்றழுத்தத்தைக் கூட்டி வைத்திருப்பார்கள். ஆனால் தரைமட்ட அளவுக்கு இல்லை. பழைய வகை விமானங்களில் அது 8,000 அடி உயர மலையில் இருப்பது போல, அதாவது ஊட்டியைவிடவும் உயரம். ஏ350, போயிங் 787 போன்ற புதியவற்றில் 6,000 அடி, நம் கோத்தகிரி அளவு. ஊட்டியில் அப்பாவுக்கு மூச்சு வாங்கும், கோத்தகிரியில் நன்றாக நடப்பார். பதினைந்து மணி நேரத்துக்கு இந்த வித்தியாசம் பெரிது. டிக்கெட் போடும் பக்கத்தில் விமான வகையைச் சிறிய எழுத்தில் போட்டிருப்பார்கள், அதைப் பார்க்கத் தவறாதீர்கள்.

சீட்டை அன்றே தேர்ந்தெடுத்துவிட்டேன். நடைபாதை ஓரமாக ஒன்றன் எதிரே ஒன்று, கழிப்பறையிலிருந்து நான்கு வரிசை தள்ளி. ஜன்னல் வேண்டும் என்று அம்மாவுக்கு ஆசை. ஜன்னலை ஸ்கூட்டில் கொடுத்திருக்கிறேன். சக்கர நாற்காலியை இரண்டு பேருக்கும் மூன்று விமான நிலையத்துக்கும் பதிவு செய்து, பதிவு எண்ணைத் தாளில் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். பிரசவ லேகியம், வற்றல், பொடி எல்லாம் அம்மா கட்டி வைத்திருக்கிறாள். சான் பிரான்சிஸ்கோவில் உணவுப் பொருள் இருக்கிறதா என்று கேட்டால் இருக்கிறது என்றே சொல்ல வேண்டும் என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன். மறைத்தால்தான் அபராதம்.

திரும்பி வருவது ஜூலையில். அப்போது சிங்கப்பூர் வழி பதினேழு மணி நேரம் வரை போகும், எதிர்க்காற்று. திரும்பும்போது மட்டும் ஐரோப்பா வழியாக, காற்றோடு வரலாமே என்று யோசித்தேன். ஆனால் கோடையில் ஜெட் காற்று தளர்ந்துவிடும், அதனால் நஷ்டம் குறைவு. மேலும் ஐரோப்பா வழியாக வந்தால் நள்ளிரவில் சென்னையில் இறங்கி மறுபடி அந்த 340 கிலோமீட்டர். அதனால் அதே வழி, அதே ஹோட்டல், திருச்சியில் இறங்கி ஒரு மணி நேரத்தில் வீடு.

மாத்திரை விஷயம் ஒன்று பாக்கி இருந்தது. பசிபிக்கில் தேதிக்கோட்டைத் தாண்டுவதால், சிங்கப்பூரில் காலை ஒன்பது மணிக்குக் கிளம்பினால் சான் பிரான்சிஸ்கோவில் அதே தேதியில், கிட்டத்தட்ட அதே காலை நேரத்தில் இறங்குவார்கள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து மாத்திரை போட்டால் காலை மாத்திரையை இரண்டு முறை போட்டுவிடுவார். டாக்டரிடம் கேட்டோம். போய்ச் சேரும் வரை இந்திய நேரத்தையே வைத்துக்கொள்ளுங்கள், அங்கே போன மறுநாள் மாற்றலாம் என்று ஒரு தாளில் மணியோடு எழுதிக் கொடுத்தார். அப்பா அந்தத் தாளை மடித்துக் கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்திருக்கிறார். கைக்கடிகாரம் ஃப்ரீமான்ட் போகும் வரை தஞ்சாவூர் நேரத்திலேயே ஓடும். அம்மா ஒரு சின்ன நோட்டில் நேரம் போட்டுக் கட்டம் வரைந்துவிட்டாள், ஒவ்வொரு மாத்திரைக்கும் ஒரு டிக்.